பேசினால் இடம் தெரியும்: அட்லாண்டிக் போரும் திசையறியும் ஆன்டெனாக்களும்

வானொலிச் செய்தி ஒன்றின் உள்ளடக்கத்தைச் சங்கேதக் குறியீடுகளால் மறைத்துவிடலாம். ஆனால் அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மறைப்பது கடினம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இதற்குப் பெரும் விலை கொடுத்தன.

இடைவெளி விட்டு நிறுத்தப்பட்ட பல ஆன்டெனாக்களை ஒரு வானொலி அலை ஒரே கணத்தில் சென்றடைவதில்லை. இந்த மிகச் சிறிய வேறுபாட்டை ஒப்பிட்டு அலை வரும் திசை கணிக்கப்படுகிறது. ஒரு நிலையம் திசையை மட்டுமே காட்டும். தொலைவிலுள்ள இரு நிலையங்கள் கணிக்கும் திசைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே ஒலிபரப்பியின் இருப்பிடம்.

தொடக்ககால வளைய வடிவ ஆன்டெனாக்கள், வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளால் இரவில் தவறான திசையைக் காட்டின. இதைத் தவிர்க்க, செங்குத்தான நான்கு ஆன்டெனாக்களைக் கொண்ட அமைப்புக்கு பிரிட்டனின் ஃபிராங்க் அட்காக் 1919ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1926இல் ராபர்ட் வாட்சன்-வாட், ஜேம்ஸ் ஹெர்ட் ஆகியோர், திசையை உடனுக்குடன் திரையில் காட்டும் கருவியை விவரித்தனர். மின்னல் உருவாகும் இடங்களைக் கண்டறியும் ஆய்வுகளிலிருந்தே இது பிறந்தது.

ஜெர்மானியக் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் உத்தியில், வணிகக் கப்பல் அணியைக் கண்ட நீர்மூழ்கிக் கப்பல், மற்றவை அங்கு வந்து சேரும்வரை வானொலி மூலம் தகவல் அனுப்பியாக வேண்டும். சில விநாடிகளே நீடிக்கும் குறுஞ்செய்திகளின் திசையைக் கணிக்க எதிரிக்கு நேரம் போதாது என்று ஜெர்மானியர் நம்பினர். ஆனால் நேச நாட்டுப் பாதுகாப்புக் கப்பல்களில் பொருத்தப்பட்ட திரைக் கருவிகளுக்கு அந்தச் சில விநாடிகளே போதுமானவையாக இருந்தன. பாதுகாப்புக் கப்பல் அத்திசையில் விரைந்ததும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்க நேரிட்டது. நீருக்கடியில் அதன் வேகம் குறைவு என்பதால், வணிகக் கப்பல்கள் தப்பிச் செல்ல வழி பிறந்தது.

தங்கள் இழப்புகளுக்கு ரேடாரே முதன்மைக் காரணம் என்று ஜெர்மானியத் தலைமை கருதியது. 1943 மே மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 40 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்த பின்னர், டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தனது படையை விலக்கிக்கொண்டார். விமானங்கள், ரேடார், சங்கேத முறியடிப்பு ஆகியவற்றுக்கும் இந்த வெற்றியில் பங்குண்டு. எனினும் ரேடாரைப் போலத் திசையறியும் கருவி அலை எதையும் வெளியிடுவதில்லை. எனவே, தாம் கவனிக்கப்படுவதை ஒலிபரப்புபவரால் உணர முடியாது.

அனுமதியற்ற ஒலிபரப்பிகளைத் தேடுவது முதல் ஆபத்தில் சிக்கிய கப்பல்களின் அழைப்பு வரும் திசையை அறிவது வரை, இன்றும் இதே கோட்பாடு பயன்படுகிறது.