உடுமலை முதல் வெண்மணி வரை: மேல்முறையீட்டில் வெளியே போனது யார்?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் இளைஞர் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார். மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம், கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. மற்ற ஐவருக்கும் தூக்கு, குறைந்தது 25 ஆண்டுகள் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையானது.

தூக்கு குறைந்ததில் நமக்கு வருத்தமில்லை, தூக்கையே நாம் ஏற்பதில்லை. வெட்டிய கும்பல் உள்ளே, ஏவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே என்பதுதான் உறுத்துகிறது. வெட்டியது கேமராவில் பதிவானது. கூட்டுச்சதி நிரூபணமாகவில்லை என்றது உயர்நீதிமன்றம்.

இதைக் கீழ்வெண்மணியோடு வைத்துப் படியுங்கள். 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட அவ்வழக்கில் 10 ஆண்டு தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் இதே உயர்நீதிமன்றம் விடுவித்தது. பணக்காரர்கள் ஆளை அனுப்புவார்களே தவிர, தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! அங்கே நேரில் வந்ததை நம்பவில்லை; இங்கே ஆளனுப்பியது நிரூபணமாகவில்லை.

எல்லாத் தீர்ப்பும் இப்படி உடைவதில்லை. கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு கைகொடுத்தது, நீதிபதிகளே கோயிலுக்குப் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது.

உடுமலை விடுதலையை எதிர்த்துத் தமிழக அரசு உச்சநீதிமன்றம் போனது.