மரம் தந்த குடும்பப் பெயர்கள்

மும்பைக்குக் குடிவந்த நம்மவர் யாரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. பள்ளிச் சேர்க்கையா, ரேஷன் கார்டா, பாஸ்போர்ட்டா, எந்தப் படிவமானாலும் 'சர்நேம்' என்றொரு கட்டம் இருக்கும். நம் கையில் இருப்பதோ இனிஷியல்!

சென்ற ஜூன் மாதம் பேத்தியின் பள்ளிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். "தாத்தா, உன் சர்நேம் வேற, அப்பா சர்நேம் வேற, என் சர்நேம் வேற. நாமெல்லாம் ஒரே வீடுதானே?" என்று கேட்டாள். எனக்குச் சர்நேம் என் தகப்பனார் பெயர். மகனுக்கு என் பெயர். அவளுக்கு என் மகன் பெயர். தகப்பனாருக்கோ பெயருக்கு முன்னால் 'இ' என்ற எழுத்து இருந்தது. அது இலுப்பையூர். அந்த எழுத்து என் தலைமுறையிலேயே உதிர்ந்துபோயிற்று. பேத்திக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத் தேடியபோது கிடைத்த செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தேடலை எங்கள் கட்டடத்தின் பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்கலாம். அதில் ஒருவர் பிம்பள்காவ்கர். மராத்தியில் 'பிம்பள்' என்றால் அரசமரம், 'காவ்' என்றால் ஊர், 'கர்' என்றால் அவ்வூர்க்காரர். ஆக, நம்ம ஊர் வழக்கில் 'அரசூரார்'! சிஞ்ச்வட்கர் என்ற பெயரில் புளி, ஆல் என இரண்டு மரங்கள் உள்ளன. ஊருக்கு மரம் பெயர் தந்தது. ஊர் குடும்பத்துக்குப் பெயர் தந்தது.

இன்னொரு பெயர் பெரைரா. போர்த்துக்கீசிய மொழியில் இது பேரிக்காய் மரத்தைக் குறிக்கும். ஒலிவேரா என்பது ஒலிவ மரம், கார்வாலோ என்பது ஓக் மரம், நொகேரா என்பது வால்நட் மரம். இவையும் அந்தந்த மரங்கள் நின்ற இடங்களின் பெயர்களாக இருந்து குடும்பப் பெயர்கள் ஆனவையே. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவியபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் அங்கே வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக் கடற்கரையில் பேரிக்காய் மரம் ஏது? அந்த மரம் கப்பலேறிப் பெயராக மட்டுமே வந்தது.

மரம் எப்போது குடும்பப் பெயராகிறது என்று பார்த்தால், பல நாடுகளில் யாரோ அதிகாரத்தில் இருப்பவர் "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்ட வேளையில்தான். சுவீடனில் அக்காலத்துக் குடியானவர்களுக்கு நம்மைப் போலவே தந்தை பெயர்தான். நில்ஸ் என்பவர் இங்கெமாரின் மகன். ஆகவே நில்ஸ் இங்கெமார்சன். அவர் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேரச் சென்றபோது நிலையான குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய 'லிண்ட்' மரத்தை நினைத்து, லின்னேயஸ் என்று சூட்டிக்கொண்டார். அதே மரத்தை வைத்து உறவினர் சிலர் டிலியாண்டர் என்றும் லிண்டெலியஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டனர். நில்ஸின் மகன்தான் 1707இல் பிறந்த கார்ல் லின்னேயஸ். செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய 1753ஆம் ஆண்டு நூலில் நம் ஆலுக்கும் அரசுக்கும் பனைக்கும் புளிக்கும் அறிவியல் பெயர் தந்தவர் அவரே. மரத்திடம் பெயர் வாங்கிய வீட்டுப் பிள்ளை மரங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்!

எஸ்தோனியாவில் 1816, 1819ஆம் ஆண்டுச் சட்டங்களால் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதைத் தொடர்ந்து குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர்கள் பதிவாயின. இன்றும் அங்கே தாம் (ஓக்), காஸ்க் (பிர்ச்) போன்ற பெயர்கள் வெகு சாதாரணம். ஜப்பானில் 1870இல் பொதுமக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1875இல் அது கட்டாயமாயிற்று. பலர் வழக்கிலிருந்த பெயரையே பதிந்தனர், மற்றவர்கள் புதிதாகச் சூட்டிக்கொண்டனர். மட்சுமோட்டோ என்றால் 'பைன் மரத்தடி'. சுகிமோட்டோ என்றால் 'சுகி மரத்தடி'. நம்ம ஊரில் "யாருப்பா அது?" என்றால் "புளியமரத்து வீட்டுப் பையன்" என்போமே, அதே கதைதான்.

நம் நாட்டில் இதைவிடப் பழைய சான்று உண்டு. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஐந்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது கதம்ப அரச மரபின் வரலாற்றைக் கூறுகிறது. அவர்கள் வீட்டருகே ஒரு கடம்ப மரம் நின்றதாம். அதைப் பேணி வளர்த்ததால் அம்மரத்தின் பெயரே குலத்துக்கும் வந்ததாம். இதில் நமக்கும் பங்குண்டு. அம்மரபின் மயூரசர்மன் கல்வி கற்க வந்த இடம் நம் காஞ்சிபுரம். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவால் ஓலையை விட்டு வாளை எடுத்து, தனி அரசு கண்டான். 'பல்லவம்' என்ற சொல்லுக்கு வடமொழியில் தளிர் என்று பொருள். மராட்டியரின் 'கதம்' என்ற குடும்பப் பெயரையும் கதம்ப மரபோடு இணைத்துச் சொல்வார்கள்.

அப்படியானால் தமிழருக்கு மரப்பெயர் இல்லையா? இருக்கிறது, இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கிறது. திருவிடைமருதூர், திருப்பனந்தாள், திருவாலங்காடு, கடம்பூர் என்று மரத்தோடு சேர்ந்த ஊர்கள் நமக்கு ஏராளம். நாதஸ்வர மேதை திருவிடைமருதூர் வீருசாமி பிள்ளையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு மருதமரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம், பெரியாரின் 'ஈ' ஈரோடு என்று எழுத்தைத் தொட்டாலே ஊர் வந்து நிற்கும்.

நாம் குடும்பப் பெயர் இல்லாதிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பிறகு படிப்படியாகத் தமிழ்நாட்டில் அந்த வழக்கம் மங்கியது. அது பெரிய சாதனை. ஆனால் வெளிமாநிலம் வந்த பிறகு, அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்பதற்காக நம்மில் சிலர் தாத்தா கைவிட்ட பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்கிறோம். மற்றவர்கள் அப்பா பெயரைப் போட்டு, ஊரைத் தொலைத்துவிடுகிறோம். சாதியும் சொல்லாத, ஊரையும் மறக்காத மூன்றாவது வழி நம் பழைய இனிஷியலிலேயே இருக்கிறது. பிம்பள்காவ்கரும் மட்சுமோட்டோவும் செய்தது அதைத்தானே?

பேத்தியின் படிவத்தில் மகன் பெயரைத்தான் எழுதினேன். பிறப்புச் சான்றிதழில் இருப்பதை மாற்றுவது லேசான காரியமில்லை. ஆனால் அவள் தமிழ் நோட்டுப் புத்தகத்தின் மேல் பெயருக்கு முன்னால் 'இ.' என்று எழுதிக் கொடுத்தேன். "இது என்ன தாத்தா?" என்றாள். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம், அந்த மரம் நின்ற ஊர், அந்த ஊரிலிருந்து வந்த நாம் என்று சொன்னேன். "அப்போ நாம மூணு பேருக்கும் அதே எழுத்துதானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரின் முதலெழுத்து எந்த ஊர் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதில் ஒரு மரமும் நின்றுகொண்டிருக்கலாம்.