சான்றிதழும் சான்றும்: இந்திய நீதிமன்றங்களில் மின்னணுப் பதிவு கடந்து வந்த பாதை

மின்னணுச் சான்று குறித்த விவாதம் கணினியோடு தொடங்கியதன்று. அதன் வேர் ஒலிநாடாவில் உள்ளது. 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த யூசுஃப் அலி இஸ்மாயில் நாக்ரி வழக்கில், மும்பை மாநகராட்சி எழுத்தர் ஒருவருக்குக் கையூட்டு அளிக்க முயன்றபோது நடந்த உரையாடலே முதன்மையான சான்று. ஒலிவாங்கி புத்தகங்களுக்கிடையே மறைக்கப்பட்டிருந்தது. காவலர்கள் உள்ளறையில் இருந்தனர். பதிவான நாடா முத்திரையிடப்படவில்லை. நீதிமன்றம் அப்பதிவை ஏற்றுக்கொண்டது. எனினும் நாடா அழித்தெழுதத்தக்க பொருளாகையால் அதனை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்றும் கூறியது. 1972-இன் மல்கானி வழக்கு இதனை மூன்று சோதனைகளாக வகுத்தது: உரையாடல் வழக்குக்குத் தொடர்புடையதாக இருத்தல், குரல் அடையாளம் காணப்படுதல், பதிவு திருத்தப்படவில்லை என்பது மெய்ப்பிக்கப்படுதல். அக்காலத்தில் வினா பதிவின் நம்பகத்தன்மை பற்றியதாகவே இருந்தது. விடை, பதிவு செய்தவரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில் கிடைத்தது.

2000 அக்டோபர் 17-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65ஏ, 65பி ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கணினியிலிருந்து பெறும் அச்சுப்படியோ குறுந்தகடோ சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால், மூலக் கருவியைக் கொண்டுவராமலே ஆவணமாகக் கருதப்படும் என்றது 65பி. கருவியை இயக்கும் பொறுப்பிலுள்ளவர் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றையும் அது வேண்டியது. இதன் வாசகம் பெரும்பாலும் 1968-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் உரிமையியல் சாட்சியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டது. பிரிட்டன் அப்பிரிவை 1995-இலேயே நீக்கிவிட்டது. பிறந்த இடத்தில் வழக்கொழிந்த ஒரு விதி இந்தியாவில் புதிதாகக் குடியேறியது.

அடுத்த இருபதாண்டு நீதிமன்ற வரலாறு ஒற்றைத் தொடரைச் சுற்றியே சுழன்றது. 'இச்சட்டத்தில் வேறு எது கூறப்பட்டிருப்பினும்' என்னும் பொருள்பட 65பி தொடங்குகிறது. அவ்வாறாயின் மின்னணுப் பதிவுக்கு இப்பிரிவு மட்டுமே வாயிலா, அல்லது இரண்டாம்நிலைச் சான்றுக்கான பழைய பிரிவுகளும் திறந்திருக்கின்றனவா? நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் பழைய வாயிலும் திறந்தே உள்ளது என்றது. சான்றிதழ் இல்லாத தொலைபேசி அழைப்புப் பதிவுகள் ஏற்கப்பட்டன. 2014 செப்டம்பர் 18-இல், கேரளத் தேர்தல் வழக்கான அன்வர் எதிர் பஷீர் தீர்ப்பு அதனை மாற்றியது. பரப்புரைப் பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றிதழின்றி அளிக்கப்பட்டமையால் விலக்கப்பட்டன. 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள், கருவி தம் கையில் இல்லாதவரிடம் சான்றிதழ் கேட்பது நியாயமன்று என்று விதியைத் தளர்த்தினர்.

இம்முரண் 2020 ஜூலை 14-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் தீர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014-இல் ஒரு வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குப் பின் அளிக்கப்பட்டதா என்பதே வழக்கு. தேர்தல் அலுவலர் அறையின் காணொளிப் பதிவு விடை சொல்லக்கூடியது. மனுதாரர் பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. மூவர் அமர்வு அன்வர் தீர்ப்பை உறுதி செய்து, சான்றிதழ் கட்டாயம் என்றது. உரிமையாளரே மூலக் கருவியைக் கூண்டில் நின்று ஒப்படைத்தால் அது தேவையில்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டால் நீதிமன்றமே ஆணையிட்டுப் பெறலாம். இயலாததைச் செய்யுமாறு சட்டம் எவரையும் நிர்ப்பந்திக்காது என்ற பழைய நெறியும் துணைக்கு வந்தது.

இவ்விதியின் எடை 2022-இல் வெளிப்பட்டது. பஞ்சாபில் இரு சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் அழைப்புப் பதிவுகள் சான்றிதழின்மையால் விலக்கப்பட்டன; எஞ்சிய சூழ்நிலைச் சான்றுகள் போதாமையால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அதே ஆண்டில் செங்கோட்டைத் தாக்குதல் வழக்கின் சீராய்விலும் அழைப்புப் பதிவுகள் அவ்வாறே விலக்கப்பட்டன. பிற சான்றுகள் இருந்தமையால் மரண தண்டனை நிலைத்தது. ஒரு தாள் இல்லாமையால் உண்மை வெளியே நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் இங்கு எழுவது இயல்பே.

ஆயினும் மறுகோடியும் பாதுகாப்பானதன்று. கணினி சரியாக இயங்கியது என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற குற்றவியல் விதியை இங்கிலாந்து 2000-இல் கைவிட்டது. கணினி பிழையின்றி இயங்கியதாகவே கொள்ளும் அனுமானம் அதன் இடத்தைப் பிடித்தது. அஞ்சலகங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பிழை மென்பொருளில் இருந்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை நீக்கியது; 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. எந்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாதபோது நேர்வது இதுவே.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு சான்றிதழை இரு பகுதிகளாக்கியுள்ளது: ஒன்று பதிவை அளிப்பவருடையது, மற்றது வல்லுநருடையது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு குறிக்கப்பட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணெழுத்துத் தொடர். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இத்தொடர் முற்றிலும் மாறிவிடும். சுவடிப் பதிப்பில் பாடபேதம் காண வரிவரியாக ஒப்பிடும் உழைப்பை இது ஒரு நொடியில் முடிக்கிறது. ஆனால் இரு படிகள் ஒத்துள்ளன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கருவி கைப்பற்றப்படுவதற்கு முன் அதில் புகுத்தப்பட்ட பொய்க் கோப்புக்கும் ஹாஷ் மதிப்பு பிழையின்றிப் பொருந்தும்.

ஆகவே மின்னணுச் சான்றை எதிர்ப்பவர் எழுப்பவேண்டிய வினாக்கள் சான்றிதழுக்கு அப்பால் உள்ளன. ஹாஷ் எப்போது கணக்கிடப்பட்டது, கைப்பற்றிய இடத்திலா, வாரங்கள் கழித்தா? இடைக்காலத்தில் கருவி எவர் கைகளில் இருந்தது? அது முத்திரையிடப்பட்டதா? கோப்பின் உருவாக்க நேரமும் கருவியின் கடிகாரமும் ஒத்துள்ளனவா? எதிர்த்தரப்பு வல்லுநருக்கு அதே படி கிடைத்ததா? நினைவக அட்டையின் உள்ளடக்கம் ஆவணமே என்றும், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்துக்கு ஊறு நேராத வரையில் அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது என்றும் உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியது. காலமும் முக்கியம்: சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தை விசாரணையின்போதே எழுப்ப வேண்டும், மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப இயலாது என்று 2017-இன் சோனு வழக்கு வரையறுத்தது.

முத்திரையிடாத நாடாவைக் குறித்து அறுபதுகளில் கேட்கப்பட்ட வினாவே இன்றும் கேட்கப்பட வேண்டியது. சான்றிதழ் ஒரு பதிவை நீதிமன்றத்தின் வாயில்வரை கொண்டுவரும். அது உண்மையா என்பதை உள்ளே நடக்கும் விசாரணைதான் முடிவு செய்ய வேண்டும்.