சிட்னியில் பிறந்த மூச்சு மெஷின்



ஞாயிறு நிகழ்ச்சியொன்றில் குறட்டையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசப் போனேன். அதற்குப் பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த மெஷினை மூஞ்சியில போட்டுக்கொண்டு எப்பிடியண்ணை நித்திரை கொள்ளுறியள்?" அதற்கான பதிலையும், அந்த மெஷின் வந்த வரலாற்றையும் சேர்த்தே இம்மாதம் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன், ஒரு கணக்காளன். ஆனாலும் வரவு எது, செலவு எது என்று பார்க்கத் தெரியும்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ளும்போது மூச்சு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும். நோய் கடுமையானவர்களுக்கு இது ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துகள் கணக்கில் நடக்கும். விடியும்போது படுத்தவருக்கு எதுவுமே நினைவிராது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். என் மனைவி பல வருடங்களாகச் சொல்லி வந்தார்: "இஞ்சேருங்கோ, மூச்சு நிண்டு போச்செண்டு எத்தினை நாள் தட்டி எழுப்பிறன் தெரியுமோ?" நான் சிரித்து விட்டுவிடுவேன். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நின்ற காருக்குள் கண்ணயர்ந்து போனேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் எழும்பினேன். அன்றோடு சிரிப்பு நின்றது.

இந்த நோயை வைத்தியர்கள் சரியாகப் புரிந்துகொண்டது அண்மையில்தான். 1836இல் வெளிவரத் தொடங்கிய சார்ள்ஸ் டிக்கின்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் தூங்கி விழும் பருத்த பையன் ஒருவன் வருவான். அவனை வைத்தே 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய நோயாளிகளின் நிலைக்கு 'பிக்விக்' பெயரைச் சூட்டினார்கள். நித்திரையில் மூச்சு நிற்பதை 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் தனித்தனியே கருவிகள் கொண்டு பதிவு செய்தார்கள். ஆனால் வைத்தியம்? 1969இல் ஜேர்மனியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பகலில் துளையை மூடி, இரவில் திறந்து மூச்சு விடவேண்டும். அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடுமையான நோயாளிக்கு இருந்த நம்பகமான வழி அதுதான்.

இதை மாற்றியது நாம் வாழும் இதே சிட்னி நகரம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? றோயல் பிரின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையில் பணியாற்றிய டொக்டர் கொலின் சலிவன், அதற்கு முன் கனடாவின் ரொறன்ரோவில் நித்திரையில் நாய்களின் மூச்சை ஆராய்ந்து வந்தவர். மூச்சுவழி மூடுகிறதென்றால், காற்றை மெல்லிய அழுத்தத்தில் மூக்கால் செலுத்தி அதைத் திறந்தபடி வைத்திருக்கலாமே என்று அவர் எண்ணினார். 1980 ஜூன் மாதம், தொண்டையில் துளை வேண்டாம் என்று நின்ற ஒரு நோயாளி ஓர் இரவுப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். காற்றை ஊதியது வக்கியூம் கிளீனரின் மோட்டார்! அழுத்தத்தைக் கூட்டியதும் மூச்சடைப்பு நின்றது, குறைத்ததும் திரும்பி வந்தது. கடைசியில் அவரை இரவு முழுவதும் அப்படியே நித்திரை கொள்ள விட்டார்கள். காலையில் அவர் தெளிவாக எழும்பினார்.

ஐந்து நோயாளிகளின் விபரத்தோடு 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர் மட்டும்தான். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டுக் குமிழி வர ஊதிப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த முதல் நோயாளிகள் பட்ட சிரமத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரின் மூக்குக்கும் தனித்தனி அச்செடுத்து மாஸ்க் செய்தார்கள். அதைப் பசைபோட்டு இரவில் ஒட்டிக் காலையில் பிய்க்கவேண்டும். மோட்டார் பாரமானது, இரைச்சலும் பெரிது. 1989இல் பீற்றர் ஃபரல் இதற்கென சிட்னியில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் ரெஸ்மெட் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. இன்று என் கட்டிலருகே இருக்கும் மெஷின் ஒரு பாண் துண்டளவு சத்தம்கூடப் போடாது என்று நான் மனைவியிடம் பகிடி விடுவேன்.

சத்தமில்லாவிட்டாலும், முதல் இரவு நான் பயந்துதான் போனேன். மாஸ்க்கைக் கட்டிப் பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, கையால் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஒரு கிழமை இதேதான் நடந்தது. எனக்குக் காரணமும் தெரிந்திருந்தது. 1987இல் ஊரில் செல் விழுந்த நாட்களில், வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் எட்டுப் பேர் மூச்சு முட்ட இருந்திருக்கிறோம். மாஸ்க் முகத்தை மூடியதும் அந்த மண்வாசம் வந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டேன்.

என்னை மாற்றியவை இரண்டு. முதலாவது, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தது. 1928இல் பொஸ்ரனில் ட்ரிங்கரும் ஷாவும் செய்த இரும்பு நுரையீரல், இளம்பிள்ளைவாத நோயாளிக்காகத் தானே மூச்சை இழுத்து விட்டது. என் மெஷின் அப்படியல்ல. மூச்சு விடுபவன் நானே. அது வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. மாஸ்க்கில் இருக்கும் சிறு துளைகளால் நான் விடும் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். இது மூடிய பங்கர் அல்ல, திறந்த கதவு.

இரண்டாவது, பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் முறை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பும் உணவைக் கொடுத்தபடி முயலை நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்து பயம் தெளிவித்ததை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் எழுதினார். தென்னாபிரிக்கரான ஜோசப் வோல்ப் 1958இல் இதை முறையான சிகிச்சையாக எழுதி வைத்தார். மாஸ்க்குக்குப் பயந்த ஒரு நோயாளிக்கு இதே முறை பலித்ததை 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடிஞ்சரும் ராட்கியும் பதிவு செய்தார்கள்.

என் நித்திரை மருத்துவ நிலையத் தாதியும் இதையே சொல்லித் தந்தார். முதல் சில நாட்கள் பகலில், கதிரையில் இருந்தபடி மாஸ்க்கைக் கையால் பிடித்து மட்டும் மூச்சு விட்டேன். பட்டி கட்டவில்லை. வேண்டிய நேரம் எடுக்கலாம் என்பதே பாதிப் பயத்தைப் போக்கியது. பிறகு பட்டியைக் கட்டி, மெஷினைப் போட்டு, நமது வானொலியின் பழைய பாடல்களைக் கேட்டேன். அடுத்து மத்தியானக் குட்டித் தூக்கம். படபடப்பு வந்தால் முந்திய படிக்குத் திரும்புவேன். முழு இரவு நித்திரை கொள்ள ஐந்து கிழமை எடுத்தது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்லக் கூட்டும் வசதியும், ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தட்டும், மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க்கும் பெரிதும் உதவின.

ஆகவே, மெஷினை அலுமாரிக்குள் வைத்திருக்கும் நேயர்களே, அதை வெளியே எடுங்கள். பயம் வருவது வெட்கமல்ல; அதை உங்கள் வைத்தியரிடம் மறைப்பதுதான் நட்டம். முகத்துக்குப் பொருந்தாவிட்டால் வேறு மாஸ்க் கேளுங்கள். என் வீட்டில் இப்போது யாரும் என்னை இரவில் தட்டி எழுப்புவதில்லை. மனைவியும் நித்திரை கொள்கிறார். என் கணக்கில் அதுதான் பெரிய வரவு.