உறங்கா நோயும் ஒரு குடும்பமும்

ஆண்டுவிழா மலர்களில் அரசர் வரலாறும் புலவர் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். இங்கு யாம் கூறப் புகுவது ஒரு நோயின் வரலாறு; அந்நோயைச் சுமந்து வந்த ஒரு குடும்பத்தின் வரலாறும் ஆகும்.

இத்தாலி நாட்டில் வெனிஸ் நகரையும் அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தையும் இருப்பிடமாகக் கொண்டது அக்குடும்பம். தலைமுறைதோறும் அதில் சிலர் ஐம்பது வயதையொட்டி உறக்கத்தை இழப்பர். ஏறத்தாழ ஓராண்டில் உயிரையும் இழப்பர். 1765ஆம் ஆண்டில் வெனிஸில் மாண்ட ஒரு வைத்தியரே இவ்வழியில் அறியப்படும் முதல்வர் எனக் கருதுகின்றனர். பின் வந்தவர்களின் மரணத்திற்கு மூளை அழற்சி, சித்தப்பிரமை, குடிப்பழக்கத்தின் கேடு எனப் பற்பல பெயர்கள் இடப்பட்டன. பெயர் பலவாகவே, நோய் ஒன்றே என்னும் உண்மை இருநூறு ஆண்டுகள் மறைந்து கிடந்தது. குடும்பநோயை ஊரறியச் சொல்வார் எந்நாட்டிலும் அரியர். பெண் கொடுக்கவும் எடுக்கவும் வேண்டியிருக்கிறதே! நம்மவர்க்கும் இது புதிதன்று.

இக்குடும்பத்தில் பெண் கொண்டவர் இக்னாசியோ ராய்ட்டர் என்னும் வைத்தியர். 1970களில் மனைவியின் அத்தைமார் இருவர் ஒருவர்பின் ஒருவராக உறக்கமிழந்து மாண்டதை அவர் கண்டார். இது தற்செயலன்று என ஐயுற்று, தேவாலயங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் புரட்டி, மறைந்தோரை ஒரே கொடிவழியில் நிறுத்திப் பார்த்தார். மருத்துவ நூல்கள் காட்டாததைப் பழைய ஏடுகள் காட்டின.

1984இல், அவ்விரு பெண்மணிகளின் உடன்பிறந்தாராகிய 53 வயதினர் ஒருவரை அந்நோய் பற்றியது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கிற்று, வியர்வை பெருகிற்று. அவரைப் பொலோனா நகரில் உறக்க ஆராய்ச்சியில் வல்ல எலியோ லுகரேசியிடம் அழைத்துச் சென்றனர். தமக்கு இனி என்ன நேரும் என்பதை நோயாளியே வைத்தியர்களுக்கு எடுத்துரைத்தாராம்! தம் குடும்பத்தில் அவர் கண்டறிந்தவை அல்லவா? தம் நிலையைப் படம் பிடிக்கவும் இசைந்தார். அவர் விழித்தும் இல்லை, உறங்கியும் இல்லை. கனவில் நடப்பவற்றைக் கைகள் மட்டும் நடித்துக் காட்டின. சில மாதங்களில் இறந்தார்.

அவரது மூளை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்த பியர்லூயிஜி காம்பெட்டியிடம் அனுப்பப்பட்டது. மூளையின் நடுவே அமைந்த தலாமஸ் என்னும் பகுதி பெரிதும் அழிந்திருந்ததை அவர் கண்டார். 1986இல் இந்நோய் தனிநோயாக உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

காரணம் 1992இல் வெளியாயிற்று. கிருமி ஏதுமில்லை. மூளையில் இயல்பாகவே உள்ள பிரியான் என்னும் புரதம் உருக்கோணி, அண்டையிலுள்ள நற்புரதத்தையும் தன்போல் கோணச் செய்கிறது. அதனை ஆக்கும் மரபணுவின் 178ஆம் இடத்திலுள்ள ஒரு பிழையே இதற்கு மூலம். விந்தை யாதெனில், அதே பிழை 129ஆம் இடத்தின் அமைப்பு வேறாயின் உறங்காநோயை விடுத்து, அறிவை அழிக்கும் பிறிதொரு நோயை விளைவிக்கிறது. (இரவில் உறக்கம் வாராத நம் அன்பர்கள் அஞ்ச வேண்டா, இந்நோய் மிக மிக அரிது.)

பிழையுடைய பெற்றோரின் மக்கள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இரத்தச் சோதனையால் முன்கூட்டியே அறியலாம். ஆயினும் அவ்வெனிஸ் குடும்பத்தில் பலர் அறிய விரும்பவில்லை. மருந்தில்லா நோயை முன்னறிந்து ஆவதென்ன என்னும் அவர்தம் வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

இப்பிழை வேறு நாட்டுக் குடும்பங்களிலும் உண்டு. அமெரிக்காவில் சோனியா வல்லப் என்னும் சட்டம் பயின்ற பெண்மணி, 2010இல் தாயை இவ்வகை நோய்க்குப் பறிகொடுத்தார். 2011இல் சோதித்துத் தமக்கும் அப்பிழை உண்டென அறிந்தார். அவரும் கணவர் எரிக் மினிக்கலும் தத்தம் தொழிலை விட்டு உயிரியல் கற்று, ஆராய்ச்சியாளராயினர். மூளையில் பிரியான் புரதத்தின் அளவைக் குறைக்கும் மருந்தைத் தேடி இருவரும் ஒரே ஆய்வகத்தில் உழைத்து வருகின்றனர்.