மும்முனை இணைப்பும் தமிழ் உழவும்: டிராக்டரின் பின்கருவித் தேர்வு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஜெர்சி சிட்டியிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அடியில் செல்லும் தொடர்வண்டியில் ஏறினால் சில நிமிடங்களில் கீழ் மன்ஹாட்டனை அடையலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஃபோலி சதுக்கத்தின் கூட்டாட்சி நீதிமன்றம் நிற்கிறது. நியூயார்க் தெற்கு மாவட்டத்திற்குரிய அந்நீதிமன்றத்தில் 1948 சனவரியில் ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துப் பொறியாளர் ஃபோர்டு நிறுவனத்தின்மீது 251 மில்லியன் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கின் மையத்தில் இருந்தது டிராக்டரன்று. டிராக்டரின் பின்னால் கலப்பையை மாட்டும் மூன்று முனைகளும், அவற்றை ஏற்றி இறக்கும் நீரழுத்த அமைப்புமே. 1952 ஏப்ரலில் 9.25 மில்லியன் டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது.

இன்று தஞ்சை வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்னால் தொங்குவதும் அதே மும்முனை இணைப்புதான். ஆயினும் பெர்குசன் எந்தக் கலப்பைக்காக அதனை வடிவமைத்தாரோ, அந்தக் கலப்பையைக் காவிரிப் படுகை பெரிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. முனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் தனக்கு வேண்டியதை மாட்டிக்கொண்டது. அத்தேர்வு எவ்வாறு நிகழ்ந்தது, தேர்ந்தவர் யார் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இணைப்பின் பிறப்பு

முதல் உலகப் போரின்போது, 1917இல், அயர்லாந்தில் டிராக்டர் உழவைச் செம்மைப்படுத்தும் பணி பெர்குசனிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் கலப்பை ஒரு வண்டிபோல் டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. கொழு கல்லிலோ வேரிலோ சிக்கினால் டிராக்டரின் முன்பக்கம் மேலெழுந்து, வண்டி ஓட்டுநரின்மேலேயே கவிழ்வதுண்டு. டிராக்டரையும் கலப்பையையும் ஒரே உடலாக்கினாலன்றி இதற்குத் தீர்வில்லை எனப் பெர்குசன் கண்டார்.

அவர் கண்ட வழி எளிமையானது. கீழே இரு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே ஒரு கை அதனைத் தாங்கும். மண்ணின் எதிர்ப்பு மிகும்போது கலப்பை முன்னோக்கிச் சுழல முயல்கிறது. அச்சுழற்சி மேல் கையை டிராக்டரை நோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளல் முன்சக்கரங்களை நிலத்தில் நிறுத்தி வைக்கிறது. அதே தள்ளல் ஒரு சுருள்வில்லை அழுத்தி, நீரழுத்த அமைப்பின் அடைப்பானைத் திறந்து, கலப்பையைச் சற்றே தூக்கச் செய்கிறது. எதிர்ப்புக் குறைந்ததும் கலப்பை மீண்டும் ஆழ்கிறது. கலப்பையின் எடையும் அதன்மேல் வீழும் மண்ணின் சுமையும் பின்சக்கரங்களுக்கு மாறுவதால், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள சிறு டிராக்டரே கனத்த வண்டிகளின் வேலையைச் செய்ய முடிந்தது. இதுவே இழுவைக் கட்டுப்பாடு.

1936இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டர் இவ்வமைப்புடன் விற்பனைக்கு வந்தது. 1938 அக்டோபரில் பெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்து எதுவுமின்றிக் கைகுலுக்கி ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். அதன் விளைவாக 1939இல் ஃபோர்டு 9என் வெளிவந்தது. ஃபோர்டின் பெயரர் பொறுப்பேற்றபின் அவ்வுடன்பாடு முறிந்தது. அம்முறிவே ஃபோலி சதுக்கம் வரை சென்றது. 1953இல் பெர்குசனின் நிறுவனம் மாசி-ஹாரிசுடன் இணைந்தது. பின்னர் மாசி பெர்குசன் என்னும் பெயர் நிலைபெற்றது. அப்பெயர்தான் சென்னைக்கு வந்தது.

மேழி பிடித்த கை

இழுவைக் கட்டுப்பாடு தமிழ் உழவர்க்குப் புதிய கருத்தன்று. நாட்டுக் கலப்பையில் அவ்வேலையை மேழி பிடித்த கை செய்தது. மண் இறுகிய இடத்தில் கை தளர்ந்தது. இளகிய இடத்தில் அழுந்தியது. ஏர்க்காலில் நுகத்தடியைக் கட்டும் இடத்தை முன்னும் பின்னும் மாற்றி, உழவின் ஆழத்தை முன்கூட்டியே வரையறுத்தனர். கை உணர்ந்ததைப் பெர்குசனின் மேல் கை உணர்ந்தது என்பதே வேறுபாடு.

ஆழம் பற்றிய விவாதமும் பழையது. அகல உழுவதினும் ஆழ உழு என்பது பழமொழி. திருக்குறளின் உழவு அதிகாரமோ, உழுத புழுதி எந்த அளவுக்கு உலர வேண்டும் என்பதற்கு நிறையளவே சொல்கிறது. இவையிரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் மேடைகளில் உண்டு, அது சரியன்று. ஆழ உழுதல் ஒன்று, உழுததை ஆறவிடுதல் மற்றொன்று. நன்செய்யில் இரண்டுமே முழுமையாகப் பொருந்துவதில்லை. சேற்றுழவின் நோக்கம் மண்ணைக் குழைத்து, அடியில் நீர் கசியாத ஓர் இறுகிய அடுக்கைக் காப்பதாகும். அவ்வடுக்கை ஆழ உழுது உடைத்தால் வயல் நீரைத் தாங்காது, மாடும் புதையும்.

இதனை அறியாமல் இரும்புக் கலப்பையைப் புகுத்தும் முயற்சி டிராக்டருக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே சென்னையில் நடந்தது. 1860களில் சைதாப்பேட்டையில் தொடங்கிய அரசுப் பண்ணை இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புக் கலப்பைகளைச் சோதித்தது. அங்கு எழுந்த வேளாண் பள்ளியே 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் வேராயிற்று. 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் நாட்டு உழவரின் திறனை உயர்வாக மதித்தார். ஆழ உழும் கலப்பை எங்கும் நன்மையே தரும் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. அவ்வெச்சரிக்கை அறுபது ஆண்டுகள் கழித்து வேறொரு வடிவில் மெய்யாயிற்று.

செம்பியத்திலிருந்து சேற்றுக்கு

1960இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சார்பில் டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டு, மாசி பெர்குசனின் கூட்டுறவுடன் செம்பியத்தில் டிராக்டர்களை உருவாக்கியது. அதே காலத்தில் தஞ்சாவூர் மாவட்டம், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட குறுகிய கால நெல்லான ஏடிடி 27, குறுவை தாளடி என இரு போகத்தைப் பரவலாக்கியது. குறுவை அறுத்த சில நாள்களுக்குள் தாளடிக்கு வயல் ஆயத்தமாக வேண்டும். மாட்டேருக்கு அவ்விரைவு இல்லை. படுகையில் டிராக்டருக்கு இடம் பிறந்தது வலிமையால் அன்று, நாள்கணக்கால்.

ஆனால் சேற்றில் பெர்குசனின் கணக்கு தலைகீழாயிற்று. இழுவைக் கட்டுப்பாட்டிற்கு மண்ணின் எதிர்ப்பே செய்தி. குழைந்த சேறு அச்செய்தியைத் தருவதில்லை. பின்சக்கரங்களுக்கு எடை மாறுவது காய்ந்த நிலத்தில் பிடிமானம். சேற்றில் அதுவே புதைகுழி. மண்ணைப் புரட்டும் வளைபலகைக் கலப்பையை மாட்டி இறங்கிய வண்டி அச்சு வரை அமிழும். எனவே உழவர்கள் செய்தவை இரண்டு. ரப்பர்ச் சக்கரத்தோடு கம்பிச் சட்டத்தாலான இரும்புச் சக்கரத்தைப் பூட்டினர். ஊரார் அதனைக் கேஜ் வீல் என்கின்றனர். பின்முனைகளில் கனத்த கலப்பைக்குப் பதிலாக ஐந்து அல்லது ஒன்பது கொத்துகள் கொண்ட கொத்துக் கலப்பையை மாட்டினர். கேஜ் வீல் மும்முனை இணைப்பில் தொங்குவதன்று. ஆயினும் பின்னால் எதை மாட்டலாம் என்பதை அதுவே தீர்மானித்தது. சேற்றைக் குழைக்கும் வேலையில் பாதியை அச்சக்கரமே செய்துவிட்டது. அச்சக்கரத்துடன் தார்ச்சாலையில் ஏறும் டிராக்டர்களைப் பற்றிய முறையீடுகள் இன்றும் ஓயவில்லை என்பது தனிக் கதை.

ஓட்டுநரின் வலக்கை அருகே இரு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று கருவியைக் குறித்த உயரத்தில் நிறுத்தும் நிலைக் கட்டுப்பாடு. மற்றொன்று பெர்குசனின் இழுவைக் கட்டுப்பாடு. நன்செய் ஓட்டுநர் முதலாவதையே நாள்முழுதும் பயன்படுத்துகிறார். மில்லியன் கணக்கில் டாலருக்கு வழக்காடப்பட்ட நெம்புகோல் பல வண்டிகளில் துருப்பிடித்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

சுழல் கலப்பையாகிய ரோட்டவேட்டரின் வருகை இவ்விலகலை முழுமையாக்கியது. ஆஸ்திரேலியரான ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு 1912இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து பிறந்த கருவி அது. அதன் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படும். சம்பந்தர் மாலைமாற்றை அறிந்தோர்க்கு இது ஒரு சிறு மகிழ்ச்சி. ரோட்டவேட்டர் இழுபடுவதில்லை. டிராக்டரின் பின்தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று சுற்ற, அதனால் சுழலும் வளைந்த கத்திகள் மண்ணை வெட்டி வீசும்போது வண்டியை முன்னோக்கித் தள்ளவே செய்கின்றன. பெர்குசன் வாழ்நாள் முழுதும் போராடிய இழுவை என்னும் சிக்கலே இங்கு இல்லை. மும்முனை இணைப்பு வெறும் தூக்குகோலாக நிற்கிறது.

தேர்வு யாருடையது

பின்கருவியைத் தேர்வதற்குரிய நெறிகள் நூல்களில் தெளிவாக உள்ளன. இணைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பது முதல். முதல் வகையில் கீழ்முனை ஊசியின் விட்டம் 22 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டர். இவ்வளவுகள் பன்னாட்டுத் தரத்திலும் இந்தியத் தரத்திலும் வரையறுக்கப்பட்டுள்ளன. அடுத்தது தூக்குதிறன், கருவியின் எடை மட்டுமன்றி, அது எவ்வளவு தொலைவு பின்னால் நீண்டு தொங்குகிறது என்பதும் கணக்கு. நீண்டு தொங்கும் கருவி முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். ரோட்டவேட்டரின் அகலம் பின்சக்கரத் தடத்தை மூடும் அளவாவது இருக்க வேண்டும். இல்லையேல் உழுத மண்ணைச் சக்கரமே மிதித்துச் செல்லும்.

இந்நெறிகள் அனைத்தும் நிலமும் டிராக்டரும் ஒருவருடையவை எனக் கருதி எழுதப்பட்டவை. தமிழகத்தில் அவ்வாறில்லை. சிறு, குறு உழவர் மணிக்கணக்கில் வாடகைக்கு உழவு ஓட்டுகின்றனர். ஆகவே கருவியைத் தேர்பவர் நிலத்துக்குரியவர் அல்லர், வண்டிக்குரியவர். அவர் தம் முதலீட்டிற்கு ஆண்டில் மிகுதியான மணிகள் வாடகை தரும் கருவியையே வாங்குவார். அது ஒன்பது கொத்துக் கலப்பை, அல்லது ரோட்டவேட்டர். கோடையில் ஒருமுறை மட்டும் பயன்படும் சட்டிக் கலப்பையையோ, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் உளிக்கலப்பையையோ அவர் வாங்குவதில் பொருளில்லை. மாட்டேர்க் காலத்தில் மேழி பிடித்தவரிடம் இருந்த தீர்மானம் வாடகை ஏட்டுக்கு இடம்மாறியது. டிராக்டர் கொணர்ந்த மாற்றங்களுள் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக ஆழமானதும் இதுவே என்பது என் கருத்து.

இதன் விலையைப் புன்செய் நிலம் கொடுக்கிறது. ரோட்டவேட்டர் மேல்மண்ணை நன்கு பொடியாக்குகிறது. ஆனால் கத்தி எட்டும் ஆழத்திற்குக் கீழே மண் ஆண்டுதோறும் அழுந்தி இறுகுகிறது. நெல் வயலில் அவ்விறுக்கம் நீரைத் தாங்கும். மானாவாரி நிலத்தில் அது மழைநீரை உள்ளே விடாது, வேரையும் இறங்க விடாது. இறுகிய அடுக்குள்ள நிலத்தில் அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பையால் ஒருமுறையும், அதற்குக் குறுக்காக மறுமுறையும் உழவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பரிந்துரை உண்டு, ஊரில் உளிக்கலப்பை வைத்திருப்பவர்தான் அரியவர். அரசின் வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு டிராக்டரையும் கருவிகளையும் விடுவது இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. 2014-15 முதல் நடைபெறும் நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டம் கருவிகளுக்கு மானியம் தருகிறது. ஆனால் எதற்கு விண்ணப்பிப்பது என்பதை அங்கும் வாடகைச் சந்தையின் சுவையே வழிநடத்துகிறது.

அச்சந்தையில் இப்போது கடல்கடந்த பணமும் உண்டு. ஜெர்சி சிட்டியில் நியூவார்க் அவென்யூவின் உணவகங்களில் வார இறுதியில் கூடும் தமிழர் பேச்சில், ஊரில் அண்ணன் ரோட்டவேட்டர் கேட்கிறார் என்னும் சொல் நான் பலமுறை கேட்டது. பணம் அனுப்புவோர் கணினித் துறையினர். விலையை ஒப்பிடுவர், நிறுவனத்தை ஒப்பிடுவர். மண் நன்செய்யா புன்செய்யா எனக் கேட்டவரை நான் ஒருமுறையே கண்டேன். அவர் மணப்பாறைப் பக்கத்தவர், வானம் பார்த்த நிலத்தில் வளர்ந்தவர். ரோட்டவேட்டருக்குக் கேட்ட தொகையில் ஒரு பகுதிக்கு உளிக்கலப்பை வாங்குமாறு தம் அண்ணனுக்குச் சொல்லியிருந்தார். அண்ணன் இன்னும் பேசுவதில்லை என்றார்.

பெயர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. மேழி, கொழு, நுகம், ஏர்க்கால் என ஏரின் உறுப்புகள் அதில் இடம்பெற்றன. ஃபோர்டு 9என் அதற்கு மூன்றாண்டு பின்னர்தான் பிறந்தது. டிராக்டருக்கு உழுவை என்னும் ஆக்கம் பின்னர் வந்தது. சங்க இலக்கியம் பயின்றோர்க்கு அது புலியைக் குறிக்கும் சொல்லாதலால் சற்றே திடுக்கிடல் ஏற்படும். இலங்கைத் தமிழர் உழவு இயந்திரம் என்பர். இரு சக்கர வகையை, இங்கிலாந்து வணிகப் பெயரொன்றின் வழி, லாண்ட்மாஸ்ரர் என்பர். தமிழகத்தில் வண்டியின் பெயர் கடன்சொல்லாகவே நின்றாலும் கருவிகளுக்கு உழவர் தாமே பெயரிட்டனர். தட்டு வடிவத்தால் சட்டிக் கலப்பை, செய்யும் வேலையால் பார் கலப்பை, எண்ணிக்கையால் ஒன்பது கலப்பை. இணைப்பின் உறுப்புகளோ டாப் லிங்க், லிப்ட், பி.டி.ஓ. என்றே வழங்குகின்றன. மண்ணைத் தொடும் பகுதிக்குத் தமிழ்ப் பெயரும், வண்டியைத் தொடும் பகுதிக்கு ஆங்கிலப் பெயரும் என எல்லை ஏறத்தாழ மும்முனையிலேயே விழுந்திருக்கிறது. 22 மில்லிமீட்டர் ஊசியை 28 மில்லிமீட்டர் துளையில் பொருத்த ஊர்ப் பட்டறையில் கடைந்து தரும் இரும்பு வளையத்தைப் புஷ் என்கின்றனர். பற்றவைப்போரிடமும் கடைசல் பிடிப்போரிடமும் வழங்கும் இத்தகைய சொற்களைத் தொகுக்கும் பணி, பட்டறைகள் இருக்கும்போதே தொடங்கத்தக்கது.