வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் கணினி ஆசிரியர் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

பாலாற்றையும் அதன் அயலையும் சார்ந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. தோற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போரின் மக்கள் பலர் இப்பகுதியின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிற் பயில்கின்றனர். அவர்கட்குக் கணினியைக் கற்பிக்கும் ஆசிரியர் எவ்வாறு உருவாயினர் என்பது ஈண்டு ஆராயப்படும். ஆசிரியப் பயிற்சி பொருளறிவு, கற்பிக்கும் முறை, கற்பிக்கும் மொழி என்னும் மூன்று கூறுகளை உடையது. கணினிக் கல்வியில் இம்மூன்றும் ஒருங்கே வந்தில. பொருளறிவு முதலில் வந்தது. முறை காலந்தாழ்த்து வந்தது. மொழி இன்னும் முழுமையாக வந்திலது.

சென்னையில் 1856இல் தோன்றிய அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பிற்காலத்தே சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. பட்டம், அதன்பின் பயிற்சி, அதன்பின் பணி என்னும் ஒழுங்கு அத்தகைய நிறுவனங்களால் நிலைபெற்றது. கணிதமும் வரலாறும் கற்பிப்போர்க்கு அதுவே நெறியாயிற்று. கணினியிலோ அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. 1984இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறியைத் தெரிந்தெடுத்த பள்ளிகளில் நிறுவிற்று. ஏற்கெனவே பிற பாடம் நடத்திவந்த ஆசிரியர்க்கே குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. பொறி முன்னே வந்தது; ஆசிரியர் அதன்பின் தேடப்பட்டனர் என்க.

தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளிற் கணினிப் பாடம் பேரளவிற் பரவியது 1999ஆம் ஆண்டை ஒட்டியாகும். ஆசிரியர் பதவிகள் அப்பொழுது முறையாகத் தோற்றுவிக்கப்படவில்லை. எல்காட் எனப்படும் அரசு மின்னணு நிறுவனத்தின் வாயிலாக ஒப்பந்த முறையிற் பயிற்றுநர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கணினி அறிந்தவர். ஆயின் கல்வியியற் பட்டம் அவர்க்குத் தொடக்கத்தில் இன்றியமையாததாகக் கொள்ளப்படவில்லை. 2006இல் 1,880 பணியிடங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2008இல் ஆசிரியர் தேர்வு வாரியம் இவர்கட்கெனச் சிறப்புத் தேர்வு நடத்தியது. தேர்ச்சி மதிப்பெண் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் 652 பேர் பணியிழந்தனர். வினாத்தாளால் அளக்கத்தக்கது பெரும்பான்மையும் பொருளறிவே. வகுப்பறையிற் பல்லாண்டு பழகிப் பெற்ற திறனை அஃது அளத்தல் அரிது. பயிற்சியை முன்னரே அளியாமல், பின்னர்த் தேர்வால் அக்குறையை நிரப்ப முயன்றதன் இழப்பை ஆசிரியரே தாங்கினர்.

முறைப்பயிற்சி நிலைபெற்றது அதன் பின்னராகும். 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்தது. வேலூர் அரசு கல்வியியல் கல்லூரி போன்றவை அதனோடு இணைந்தன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் இளங்கல்வியியற் படிப்பு ஈராண்டாக நீண்டது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தறியும் பகுதி எல்லாப் பாட ஆசிரியர்க்கும் அதனுட் சேர்க்கப்பட்டது. 2019இல் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்கட்கு அறிவிப்பு வந்தபொழுது முதுகலைப் பட்டமும் கல்வியியற் பட்டமும் ஒருங்கே வேண்டப்பட்டன. 1999இல் தலைகீழான ஒழுங்கு நிமிர்தற்கு இருபது ஆண்டுகள் சென்றன எனல் பொருந்தும்.

இனி மொழி பற்றிக் காண்போம். 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. பாடநூல்களில் முன்னர்க் ‘கணிப்பொறி’ என வழங்கியது பின்னர்க் ‘கணினி’ ஆயிற்று. வன்பொருள், மென்பொருள், நிரல் என்னும் சொற்கள் நிலைத்தன. ஆயினும் ஆசிரியராக வருவோர் கல்லூரியிற் கணினியியலைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றவர். பள்ளியிலோ தமிழ்வழி மாணவர்க்குத் தமிழில் விளக்குதல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் வீட்டில் உருது பேசும் மாணவரும் பலராவர். அங்கு ஆசிரியர் பணி இருமடங்கு அருமையுடையது.

கலைச்சொற் பட்டியலை மனனம் செய்தலால் இக்குறை தீராது. மாணவர் அறிந்த தொழிலினின்றும் கருத்தை எடுத்தல் வேண்டும். தோலை நீரில் ஊறவைத்தல், சுண்ணாம்பிடல், மயிரும் சதையும் களைதல், பதப்பொருள் ஏற்றல், உலர்த்தல் என்பன முறை பிறழாது செய்யற்பாலன; முறை பிறழின் தோல் கெடும். நிரலின் இயல்பும் அதுவே. பதப்பொருள் உள்வரை ஊடுருவியதா எனத் தோலின் வெட்டுமுகத்தை நோக்கி, ஊடுருவாதாயின் உருளையை மீண்டும் சுழற்றுவர். ‘நிபந்தனை’, ‘மடக்கு’ என்று பாடநூல் கூறும் இரண்டும் இச்செயலில் அடங்கியுள்ளன. தந்தையின் தொழிலில் அவற்றைக் கண்ட மாணவனுக்கு அச்சொற்கள் வெற்றொலியாகா.

வேலைவாய்ப்பு ஆங்கிலத்தில் உளதாகலின் தமிழ் விளக்கம் வேண்டா என்பாரும் உளர். ஆங்கிலச் சொல்லைக் கற்றல் வேறு. கருத்தை உணர்தல் வேறு. கருத்தை உணர்ந்தான் சொல்லை எம்மொழியிலும் ஏற்பான். உணராதான் ஆங்கிலச் சொல்லையும் ஒப்பிப்பானேயன்றி ஆளான்.

2019ஐ ஒட்டி 6,029 அரசுப் பள்ளிகட்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. இங்கும் பொறி முந்துகின்றது. ஆகலின் கல்வியியற் கல்லூரிகளும் தமிழ்த்துறைகளும் கூடிக் கணினி ஆசிரியர்க்குரிய மொழிப்பயிற்சியை வகுத்தல் வேண்டும். வட்டாரத் தொழிற்சொற்களைத் தொகுத்தல் அதன் முதற்படியாகும்; தோற்சாலைகளில் முதியோர் வழங்கும் சொற்கள் மறையுமுன் அப்பணி தொடங்கத்தக்கது.